மரப்பாச்சிக்குச் சோறூட்டும் நேரம்

திருமலைக்குச் சென்று திரும்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் பையில், லட்டுப் பிரசாதத்தோடு ஒரு காலத்தில் உறுதியாக இடம்பெற்ற பொருள் மரப்பாச்சி. ஆணும் பெண்ணுமாக ஒரு சோடி. உடை கிடையாது, அதை வீட்டில்தான் தைத்து உடுத்த வேண்டும். சேஷாசலத்திலும் அதனை அடுத்த மலைகளிலும் வளரும் செம்மரத்தில் செதுக்கிய பொம்மை என்பதால், குழந்தை வாயில் வைத்துச் சப்பினாலும் கெடுதல் இல்லை என்பது பாட்டிமார்களின் நம்பிக்கை. அடிபட்டு வீங்கிய இடத்தில் அதையே கல்லில் உரைத்துப் பற்றுப் போட்ட வீடுகளும் உண்டு. நவராத்திரிக் கொலுவில் முதலில் எடுத்து வைக்கப்படுவதும் அந்தச் சோடிதான்.

எங்கள் வீட்டு மரப்பாச்சி, என் தாயார் மணமாகிச் சித்தூருக்கு வந்தபோது கொண்டுவந்தது. பல குழந்தைகளின் கையிலும் வாயிலும் புழங்கியதில் மூக்கு தேய்ந்து, முகம் வழவழப்பாகிவிட்டது. சென்ற ஆண்டு, திருப்பதியில் வசிக்கும் மகன் வீட்டுக்குச் சென்றபோது, 20 மாதம் நிரம்பியிருந்த பேத்திக்கென்று அதைக் கொண்டுபோனோம். மறுநாளே அவள் பெண் பொம்மையை மடியில் கிடத்தி, வெறும் கிண்ணத்திலிருந்து வெறும் கரண்டியால் சோறூட்டத் தொடங்கினாள். நானும் என் மனைவியும் பூரிப்போடு பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு வாய் ஊட்டிய பின், எதையோ மறந்துவிட்டவளைப் போல எழுந்து போனாள். குளியலறை வாசலில் கிடந்த சோப்புப் பெட்டி ஒன்றை எடுத்து வந்து, பொம்மையின் முகத்துக்கு எதிரே சாய்த்து நிறுத்தினாள். பிறகு மீண்டும் ஊட்டினாள்.

எங்களில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. சோறு என்றால் எதிரே ஒரு திரை ஒளிர வேண்டும் என்பதை அவள் அவ்வளவு செம்மையாகக் கற்றிருந்தாள்.

மகனையோ மருமகளையோ குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இருவரும் வேலைக்குச் செல்பவர்கள். காலை எட்டு மணிக்குள் குழந்தையின் வயிற்றில் நான்கு இட்லித் துண்டுகளாவது இறங்க வேண்டும் என்ற கவலை எந்தப் பெற்றோரையும் கைப்பேசியின் பக்கம் தள்ளும். எங்களை உறுத்தியது வேறொன்று. ‘அம்மா’, ‘தாத்தா’, ‘பாலு’ என்று ஐந்தாறு சொற்களுக்கு மேல் அவள் பேசவில்லை. வீட்டில் மருமகள் பேசுவது தெலுங்கு; மகன் பேசுவது தமிழ். இரண்டு மொழி காதில் விழுவதால் குழந்தை குழம்பிப் போயிருக்கிறது, ஒன்றை விட்டுவிடுங்கள் என்று உறவினர் பலரும் அறிவுரை கூறினர். எதை விடுவது என்பதில்தான் வீட்டில் மெல்லிய பனிப்போர் நிலவியது.

சித்தூர்ப் பகுதியில் இது புதிய சிக்கலன்று. வடஆற்காட்டிலிருந்து பிரித்து 1911-இல் அமைக்கப்பட்ட மாவட்டம் அது. 1960 ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி தமிழ்நாட்டுடன் இணைந்தது. நகரி, புத்தூர், குப்பம் போன்ற ஊர்கள் ஆந்திரத்திலேயே இருந்தன. எல்லைக் கோடு வீட்டு முற்றத்துக்குள் வரவில்லை. தாய் ஒரு மொழியிலும் தந்தை வேறொரு மொழியிலும் கொஞ்ச, இரண்டிலும் பேசி வளர்ந்த தலைமுறைகள் இங்கே ஏராளம். ஆயினும் சொந்தப் பேத்தி பேசத் தாமதித்தால் வரலாறு ஆறுதல் தருவதில்லை. குழந்தை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.

மருத்துவர் முதலில் செவித்திறன் சோதனைக்கு அனுப்பினார். பேச்சு தாமதமாகும் எந்தக் குழந்தைக்கும் அதுவே முதற்படி என்றார். செவியில் குறையில்லை என்று தெரிந்த பின், மொழிகளைப் பற்றிய எங்கள் கேள்வியை அவர் ஒரு புன்னகையோடு ஒதுக்கினார். இரண்டு மொழி கேட்பது பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை. சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணுங்கள் என்றார். ஓராண்டு நிரம்பியும் மழலை ஒலிகள் எழாவிட்டால், 16 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிட்டால், இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துத் தானாகச் சொல்லாவிட்டால் காத்திருக்காமல் வர வேண்டும் என்றும் கூறினார். பின்னர் அவர் கேட்ட கேள்விதான் எங்களை அமைதியாக்கியது: “ஒரு நாளில் எத்தனை முறை அவள் சொன்னதற்கு யாராவது பதில் சொல்கிறீர்கள்?”

வங்கியில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் எனக்கு இதைக் கொடுக்கல் வாங்கல் என்ற சொல்லால்தான் விளங்கிக்கொள்ள முடிந்தது. குழந்தை ஓர் ஒலி எழுப்புகிறது. நாம் அதற்கு ஒன்று திருப்பித் தருகிறோம். அது விரல் நீட்டுகிறது; நாம் அந்தத் திசையில் பார்த்து, ‘ஆமாம், காக்கை’ என்கிறோம். கைப்பேசித் திரை வாரி வழங்குகிறது. ஆனால் குழந்தை நீட்டும் எதையும் வாங்கிக்கொள்வதில்லை.

இது வெறும் உவமை அன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேட்ரிசியா கூல் என்பவரின் குழு 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளோடு, சீன மொழி பேசுவோர் 12 அமர்வுகளில் நேரில் அமர்ந்து படித்தும் விளையாடியும் பழகினர். அக்குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே மனிதர்களை, அதே பேச்சைத் தொலைக்காட்சி வழியாகக் கண்ட குழந்தைகளுக்கு அந்தத் திறன் வரவில்லை. ஒலிப்பதிவை மட்டும் கேட்ட குழந்தைகளுக்கும் வரவில்லை.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் தாத்தா பாட்டிமார்கள் இதைப் படித்துக் கலங்க வேண்டியதில்லை. இரண்டு வயதிலிருந்து இரண்டரை வயதுவரை உள்ள குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான மற்றோர் ஆய்வில், நேரலைக் காணொலி அழைப்பில் பேசியவரிடமிருந்து குழந்தைகள் புதிய வினைச்சொற்களைக் கற்றன. முன்பே பதிவு செய்த காணொலியிலிருந்து கற்கவில்லை. அழைப்பில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், கேட்டால் பதிலளிக்கிறார். எனவே திரை என்பதே தீங்கு என்று சொல்வதைவிட, மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று கேட்பதே பொருத்தம். பேத்தியைக் காணொலியில் அழைத்து, ‘தாத்தா எங்கே?’ என்று முகத்தைத் துண்டால் மூடித் திறக்கும் முதியவர்கள் பயனுள்ள பணியையே செய்கிறார்கள்.

திருப்பதியிலிருந்து திரும்பிய பின் நான் தமிழ் இலக்கியப் பக்கம் சென்றேன். மாணவப் பருவத்தில் மனப்பாடப் பகுதியாக மட்டும் அறிந்திருந்த பிள்ளைத்தமிழ் இலக்கணம் இப்போது புதிதாகத் தெரிந்தது. பத்துப் பருவங்களில் பலவும் குழந்தையின் உடலசைவைக் கொண்டே பெயர் பெற்றவை. கைகளை ஊன்றித் தலையை உயர்த்தி அசைந்தாடும் ஐந்தாம் மாதம் செங்கீரை. தாலாட்டுக்குரியது தாலப் பருவம். இரு கைகளையும் கொட்டும் ஒன்பதாம் மாதம் சப்பாணி. தளர்நடையிட்டு வா என்று அழைப்பது வருகை. நிலவைக் காட்டி விளையாட அழைப்பது அம்புலி. பிற்பருவங்களில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிறுதேர், சிற்றில்; பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் உண்டு. ஆனால் ஆடல், பாடல், அசைவு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கொண்டே குழந்தையின் வளர்ச்சியை அளந்திருக்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. இக்காலக் குழந்தை மருத்துவரும் கை தட்டுகிறதா, பிடித்துக்கொண்டு நிற்கிறதா, காட்டும் பொருளைப் பார்க்கிறதா என்று ஏறக்குறைய அவற்றையே கேட்கிறார். நம் புலவர்கள் கடவுளரையும் மன்னரையும் குழந்தையாக்கிப் பாடினார்கள். அதற்கு முன் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வீட்டிலும் இவ்விலக்கணம் எழுதப்படாமலே வழங்கி வந்தது. என் மனைவி மீட்டெடுத்த முதல் விளையாட்டு பருப்பு கடைதல். குழந்தையின் உள்ளங்கையை விரித்துத் தன் முழங்கையால் அதில் கடைவார். கடைந்த பருப்பை ஒவ்வொரு விரலுக்கும் ஒருவர் பெயரைச் சொல்லிப் பங்கிடுவார்: அம்மாவுக்கு, அப்பாவுக்கு, தாத்தாவுக்கு. ஐந்தாவது விரல் முடிந்ததும் கை கழுவ வேண்டும். தண்ணீருக்கு வழி தேடி இரண்டு விரல்கள் நண்டைப் போல மணிக்கட்டிலிருந்து தோள்வரை ஊர்ந்து, அக்குளில் கிச்சுகிச்சு மூட்டும்.

முதல் நாள் பேத்தி கிச்சுகிச்சுக்கு மட்டும் சிரித்தாள். மூன்றாம் நாள், விரல்கள் முழங்கையைத் தொடுவதற்கு முன்பே தோளைக் குறுக்கிக்கொண்டாள். அடுத்து வருவது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பாட்டி வேண்டுமென்றே நான்காவது விரலோடு நிறுத்தியபோது, சுண்டு விரலைத் தானே நீட்டி, ‘தாத்தா’ என்றாள். விளையாட்டு மொத்தம் ஒரு நிமிடம். அதற்குள் எண்ணிக்கை இருக்கிறது, உறவுப் பெயர்கள் இருக்கின்றன, பங்கிடுதல் இருக்கிறது, காத்திருத்தல் இருக்கிறது. நிறுத்திய அந்த இடைவெளிதான் முக்கியம் என்பது எனக்குப் பின்னர் விளங்கியது. பெரியவர்கள் இடைவிடாது பாடி முடித்துவிட்டால் குழந்தைக்கு உள்ளே நுழைய இடமில்லை.

உறுப்புகளைத் தொட்டுக் காட்டும் விளையாட்டில் இரு மொழியும் கைகோத்துக்கொண்டன. தமிழில் கண், தெலுங்கில் கன்னு, மூக்கு, முக்கு, கால், காலு. மூன்றும் உடன்பிறந்தவை போல வந்தன. கைக்கு வந்தபோது தெலுங்கு ‘செய்யி’ என்றது; குழந்தை ஒரு கணம் தயங்கிவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. பனிப்போர் அன்றோடு முடிந்தது என்று சொல்லலாம்.

இசைக்கு வருவோம். திருப்பதியில் இருந்துகொண்டு தாலாட்டைப் பற்றிப் பேசும்போது திருமலையை விட்டுவிட முடியாது. அங்கே நாள்தோறும் இரவு நடைபெறும் கடைசி வழிபாடு ஏகாந்த சேவை. போக சீனிவாச மூர்த்தியை ஊஞ்சல் தொட்டிலில் கிடத்தி, தாள்ளபாக்கம் அன்னமாச்சாரியரின் மரபில் வந்தவர் தாலாட்டுப் பாடித் துயிற்றும் வழக்கம் நீடித்து வருகிறது. 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அன்னமாச்சாரியரின் தாலாட்டுகள் தெலுங்கு வீடுகளில் இன்றும் தொட்டிலருகே ஒலிப்பவை. நிலவை மாமன் என்று அழைத்துச் சோறூட்டும் பாட்டும் அவருடையதாகவே வழங்கப்படுகிறது. தமிழில் அம்புலி, தெலுங்கில் சந்தமாமா. மொட்டை மாடி ஒன்றுதான். எங்கள் மருமகள் நன்றாகப் பாடுவார் என்பது அந்த மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தனக்குக் குரல் சரியில்லை என்று எண்ணிக் கைப்பேசியில் தாலாட்டை ஒலிக்கவிட்டு வந்திருக்கிறார்! தேர்ந்த பாடகியின் ஒலிப்பதிவைவிட, குழந்தையின் கண்ணைப் பார்த்தபடி சற்றுச் சுருதி விலகிப் பாடும் தாயின் குரலே மேல் என்று நான் துணிந்து சொல்வேன். பாடகி குழந்தை கொட்டாவி விடுவதைப் பார்த்து வேகத்தைக் குறைக்க மாட்டார்.

தாளம் காதால் மட்டும் கற்கப்படுவதன்று என்பதற்கு அழகான ஒரு சான்று உண்டு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் லாரல் டிரெய்னர் தம் சக ஆய்வாளருடன் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தமே இல்லாத ஒரு தாளக்கட்டை ஏழு மாதக் குழந்தைகளுக்கு ஒலிக்கச் செய்தனர். அதை இரண்டிரண்டாகவும் எண்ணலாம், மும்மூன்றாகவும் எண்ணலாம். சில குழந்தைகளை ஒவ்வோர் இரண்டாம் தட்டுக்கும், சிலரை ஒவ்வொரு மூன்றாம் தட்டுக்கும் தூக்கித் தூக்கி அசைத்தனர். பின்பு, தாம் எந்த எண்ணிக்கையில் அசைக்கப்பட்டனவோ அதே அழுத்தம் கொண்ட தாளத்தையே குழந்தைகள் விரும்பிக் கேட்டன. பிறர் அசைவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் தோன்றவில்லை. மடியில் வைத்துக் கால்களை ஆட்டியபடி பாடும் பாட்டியின் செயலை இதைவிடத் துல்லியமாக யாரும் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்திருக்க முடியாது.

அதே பல்கலைக்கழகத்தினர் 2014-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு 14 மாதக் குழந்தைகளைப் பற்றியது. இசைக்கு ஏற்பக் குழந்தையை ஒருவர் அசைக்க, எதிரே நிற்பவர் சிலரோடு ஒத்தும் சிலரோடு ஒவ்வாமலும் அசைந்தார். பிறகு அவர் கைதவறுவது போலப் பொருள்களைக் கீழே போட்டபோது, தம்மோடு ஒத்து அசைந்தவருக்கே குழந்தைகள் மிகுதியாக எடுத்துக் கொடுத்து உதவின. இதைப் படித்தபோது எனக்குச் சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களின் கோலாட்டம் நினைவுக்கு வந்தது. பிரம்மோற்சவ நாள்களில் திருமலை மாட வீதிகளில் வாகனங்களுக்கு முன்னே ஆடிச் செல்லும் பெண்கள் குழுக்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். அவர்களுடைய பயிற்சி ஊர்க் கோயில் முன்பு மாலை வேளையில் நடைபெறும். இடுப்பில் குழந்தையோடு நிற்கும் தாய் கோலை ஒரு கையில் தட்டுவாள். குழந்தை அவளோடு சேர்ந்து குலுங்கும். நடக்கப் பழகிய பிள்ளைகள் வட்டத்தின் ஓரத்தில் குச்சியும் கையுமாகப் பின்னும் முன்னும் சென்று, எப்போதும் அரைத்தட்டு தாமதமாகவே அடிப்பார்கள். யாரும் அவர்களை விரட்டுவதில்லை; திருத்துவதும் இல்லை. அரசின் எந்தத் திட்டத்திலும் அதற்குப் பெயரில்லை என்றாலும், அதைச் சிறந்த மழலையர் வகுப்பு என்பேன்.

நகரத்து அடுக்குமாடியில் கோலாட்டத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். அடுக்களைக்குப் போகலாம். எவர்சில்வர் தட்டு, இரண்டு மரக்கரண்டி, மூடியுள்ள சம்படம் இருந்தால் போதும். பெரியவர் ‘டக், டக், டக்’ என்று மூன்று தட்ட, குழந்தை தன்னால் இயன்றதைத் தட்டும். மெல்லத் தட்டு, வேகமாகத் தட்டு, நிறுத்து. ‘நிறுத்து’ என்றவுடன் கையை நிறுத்துவது ஒன்றரை வயதில் பெரிய சாதனை. தன்னை அடக்கிக்கொள்ளும் முதற்பாடம் அதுதான். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றியவர். ஊற்றுதல், துடைத்தல், மடித்தல் போன்ற வீட்டு வேலைகளையே அவர் சிறு பிள்ளைகளுக்குரிய பாடமாக்கினார். எங்கள் வீட்டில் தக்காளி அப்பணியைச் செய்தது. சந்தையிலிருந்து வந்த பையைக் கூடையில் ஒவ்வொன்றாக அடுக்குவது பேத்தியின் பொறுப்பு. தக்காளி தொண்டையில் அடைக்காது, விழுந்தால் உருளும், நிறமும் ஈர்க்கும். மதனப்பள்ளிச் சந்தையில் விலை சரியும் நாள்களில் இதைவிட மலிவான விளையாட்டுப் பொருளைக் காண்பது அரிது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சித்தூர் மாவட்டம் வேர்க்கடலை விளையும் மண். கடலை உரிக்கும் திண்ணையில்தான் பிள்ளைகளும் தவழும். முழுக் கடலைப் பருப்பு மூச்சுக்குழலில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. நான்கு வயதுவரை அதை முழுதாகத் தரக்கூடாது என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. பல்லாங்குழியின் புளியங்கொட்டை, சோழி, பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் வடிவ மின்கலம் ஆகியவையும் அவ்வாறே. தண்ணீர் விளையாட்டு நல்லது; ஆனால் நிறைந்த வாளியருகே குழந்தையைத் தனியே ஒரு நிமிடமும் விடக்கூடாது.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கென வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒன்று முதல் இரண்டு வயதுள்ள குழந்தைகள் நாள் முழுவதிலுமாகச் சேர்த்துக் குறைந்தது 180 நிமிடம் உடலசைவோடு இருக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ நாற்காலியிலோ தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிவைக்கக் கூடாது. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம். இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்கு மேற்படாமல், குறைவாக இருப்பதே நன்று. 180 நிமிடம் என்றதும் மலைப்புத் தோன்றும். படிக்கட்டில் ஏறி இறங்குவதும், பாயைச் சுருட்டும்போது அதன்மேல் உருள்வதும், பால் வாங்கத் தெருமுனைவரை தானே நடப்பதும் கணக்கில் சேரும். தூக்கிச் சென்றால் நான்கு நிமிடத்தில் முடியும் வேலை, நடத்திச் சென்றால் இருபது நிமிடமாகிறது. அந்தப் பதினாறு நிமிடத்தை யார் தருவது என்பதே கேள்வி.

நகரியில் விசைத்தறி ஓட்டும் தாயையும், மாம்பழக் காலத்தில் கூழ்த் தொழிற்சாலைக்கு முறை வேலைக்குச் செல்லும் தாயையும் பார்த்து, ‘குழந்தையோடு விளையாடுங்கள்’ என்று பளபளப்பான தாளில் எழுதுவது எளிது. அவர்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஆனால் நேரம் தனியாகத் தேவையில்லை என்பதும் உண்மையே. குளிப்பாட்டுதல், தலை வாருதல், உடை மாற்றுதல், ஊட்டுதல், உறங்க வைத்தல் ஆகியவற்றை எப்படியும் யாரோ ஒருவர் செய்கிறார். அவ்வேளைகளில் வாய் பேசினால் போதும். ‘வலது கையை விடு, இப்போது தலை எங்கே, அதோ வந்துவிட்டது’ என்று சட்டை மாட்டும் அரை நிமிடமே ஒரு பாடம். அந்த யாரோ ஒருவர் தந்தையாகவும் இருக்கலாம் என்பதை எங்கள் மகனிடம் நான் சற்று அழுத்தியே சொன்னேன். என் பிள்ளைகளின் மழலைப் பருவத்தில் நான் இடமாற்றல்களிலும் கணக்கு முடிப்புகளிலும் இருந்தேன். ஆகையால் சொல்லும் உரிமை எனக்கு அதிகம் இல்லை.

ஏழை வீடுகளில் இத்தகைய விளையாட்டு எவ்வளவு தூரம் பயன் தரும் என்பதை நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தது ஜமைக்கா நாட்டு ஆய்வு. சாலி கிராந்தம்-மெக்ரிகர் என்ற மருத்துவ அறிஞரின் வழிகாட்டலில் 1986-87-இல் கிங்ஸ்டன் நகரில் தொடங்கியது அது. வளர்ச்சி குன்றிய, 9 முதல் 24 மாத வயதுடைய 129 குழந்தைகள் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, ஒரு மணி நேரம் தாய்க்கும் சேய்க்கும் விளையாட்டுக் காட்டினர். விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் வீட்டில் கழித்த பொருள்களால் செய்தவை. இரண்டாண்டு காலம் இது நடந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, விளையாட்டு கிடைத்த பிரிவினர் கிடைக்காதவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாக ஊதியம் ஈட்டினர். பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மனும் இணைந்து எழுதிய அக்கட்டுரை 2014-இல் வெளியானது. வைப்புத்தொகைகளின் வட்டிக் கணக்கிலேயே வாழ்ந்த எனக்கு, காலிப் புட்டியையும் அட்டைப் பெட்டியையும் முதலாக வைத்த இந்தக் கணக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. அங்கே முதலீடு செய்யப்பட்டது புட்டியன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வாரந்தோறும் கதவைத் தட்டி வந்த ஓர் ஆள்.

நம் நாட்டில் 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் அங்கன்வாடிகள் மூன்று வயது நிரம்பிய பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி அளித்து வருகின்றன. அதற்கும் குறைந்த வயதினர் பெரும்பாலும் எடை பார்க்கவும் சத்துணவு பெறவுமே அங்கே வந்தனர். இக்குறையை நோக்கி, பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ளோருக்கென ‘நவசேதனா’ என்ற தேசிய வழிகாட்டல் 2024-இல் வெளியிடப்பட்டது. 36 மாதங்களுக்குரிய நாள்காட்டியாக 140 செயல்கள் அதில் உள்ளன. உங்கள் ஊர் அங்கன்வாடிப் பணியாளரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். கேட்பவர் இருந்தால்தான் அந்த நாள்காட்டி அலமாரியிலிருந்து வெளியே வரும்.

பொம்மை வாங்கியே தீர வேண்டும் என்போருக்குச் சில சொற்கள். 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து விளையாட்டுப் பொருள்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், பதிவு பெற்ற கைவினைஞர்களின் படைப்புகளுக்கு விலக்கு உண்டு. திருப்பதிக் கடைகளில் சிவப்பாகத் தெரிவன யாவும் செம்மரம் அல்ல. செம்மரமோ அழியும் நிலையிலுள்ள மரம். அதன் வெட்டும் விற்பனையும் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. வேறு மரத்தில் செய்து சாயமேற்றியதாயின், ஈரமான வெள்ளைத் துணியால் அழுந்தத் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஒட்டினால், வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது வேண்டாம், கொலுப்படியில் இருக்கட்டும்.

பேத்திக்கு இப்போது இரண்டே கால் வயது. ‘நீள்ளு வேணும்’ என்று இரு மொழியையும் ஒரே மூச்சில் கேட்கிறாள். வளர வளரத் தானாக வந்த பேச்சா, வீட்டில் ஏற்பட்ட மாற்றத்தால் வந்த பேச்சா என்று நான் வழக்காட மாட்டேன். கைப்பேசி அவள் வாழ்விலிருந்து மறைந்துவிடவும் இல்லை. சித்தூருக்கு வரும் பேருந்தில், ஒன்றரை மணி நேரம் முடிவதற்குள் அது எப்படியோ வெளியே வந்துவிடுகிறது. சோற்று வேளைக்கு மட்டும் வருவதில்லை. அதற்காகப் பதினைந்து நாள் அழுகையையும், தரையெங்கும் சிந்திய பருப்புச் சோற்றையும் பொறுத்துக்கொண்டவர்கள் அவளுடைய பெற்றோர், நாங்களல்லர்.

சென்ற வாரம் சித்தூர் வந்திருந்தபோது மரப்பாச்சியைக் கையோடு கொண்டுவந்தாள். முற்றத்தில் அமர்ந்து அதற்கு ஊட்டினாள். கரண்டியால் கிண்ணத்தில் மூன்று தட்டு, பிறகு ஒரு வாய். இடையிடையே, தாயின் தெலுங்குத் தாலாட்டில் பாதியும் பாட்டியின் பருப்புப் பங்கீட்டில் பாதியுமாகச் சேர்த்து ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். நான் செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்த்ததைக் கண்டுகொண்டாள். பொம்மையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்து, கரண்டியை என் முகத்தெதிரே நீட்டினாள். கிண்ணத்தில் ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தேன்.